சுவரின் உட்பக்கம்

கட்டட விதிப்புத்தகத்தில் வைக்கோல் கூரைக்கு ஒரு பக்கம் இருந்தது. வைக்கோல் சுவருக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் ரோசலினின் வைக்கோல் வீட்டுக்கு அனுமதி தரவேண்டிய பொறியாளர் சிகாமணி, தானே ஒரு சோதனையை யோசித்துக்கொண்டு மலையேறி வந்திருந்தார். வெளியே உறைபனியில் நின்று, அவள் கணவன் கேஸ் டார்ச்சின் தீயைச் சுவரின் மண்பூச்சில் பிடித்தான். உள்ளே இருப்பது வைக்கோல்தான் என்று வருகிறவர்களுக்குக் காட்ட, அறைப்பக்கம் ஒரு சிறு சதுரத்தைப் பூசாமல் விட்டிருந்தார்கள். அதில் ரோசலின் உள்ளங்கையைப் பதித்தாள்.

"ஒரு மணி நேரம்," என்றார் உள்ளே அவள் பக்கத்தில் நின்ற சிகாமணி. "சூடு வந்தா மறைக்காம சொல்லிடுங்கம்மா. வந்துச்சுன்னா இடிக்கத்தான் எழுதணும்."

நாற்பதாவது நிமிடம் உள்ளங்கை கதகதத்தது. அவள் வாய் திறக்கவில்லை. அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்து வெளியே தீ அணைந்தது. அவர் கையுறையைக் கழற்றி, அவள் கை இருந்த இடத்திலேயே தன் கையை வைத்தார்.

"சூடா இருக்கேம்மா?"

"அது என் கைச்சூடு சார். வைக்கோல் அதை விடாது."

"சூடு ஆறுதான்னு பாப்போம்," என்றார் அவர், கையை எடுக்காமலே.