சைபீரியாவில் ஒரு செவ்வணக்கம்

"கலியாண வெள்ளி விழாவுக்குச் சனம் பாரிசுக்குப் போகுது. நீங்கள் அக்காவைச் சைபீரியாவுக்கோ கூட்டிக்கொண்டு போனனீங்கள்? அதுவும் இரும்பாலைப் புகையைப் பாக்க!"

கிறிஸ்துராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு காலத்தில் யோகலிங்கத்தின் பின்னால் செங்கொடி பிடித்தவன். இப்போது லண்டன் ஹரோவில் வீடு வாங்கி விற்கிறான்.

யோகலிங்கம் அசையவில்லை.

"உல்லாசம் போறவங்கள் பாக்கிற ஊரில்லையடா அது. உழைக்கிறவன்ர ஊர். ஆலை வாசலில எங்களைக் கண்டதும் ஒரு தொழிலாளி ஓடி வந்தான். தொப்பியைக் கழட்டி நிலத்தில வைச்சான். முஷ்டியை உயர்த்தினான்."

"என்ன சொன்னவன்?"

"லண்டன் தோழருக்குச் செவ்வணக்கம், ஆலை அமோகமா நடக்குது எண்டு. மொழிபெயர்க்க வந்த இரினா அப்பிடித்தான் சொன்னவள்."

"சோவியத்தே போய் ரெண்டு வருசம், அண்ணை! அங்க சம்பளமே இல்லையாம். அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. இவர் சொல்லுறது உண்மையோ?"

யோகலிங்கத்தின் மனைவி கனகாம்பிகை தேநீர்க் கோப்பைகளை மேசையில் வைத்தாள்.

அந்த மனிதன் தொப்பியை வைக்கவில்லை, எறிந்து மிதித்தான். 'மாதக்கணக்காய்ச் சம்பளம் இல்லை. ஆலையை வித்துத் திண்டுபோட்டாங்கள். இதைப் படம் பிடிக்கவோ வந்தனீங்கள்?' இதுதான் அவன் போட்ட சத்தம். இரினா பிறகு தனியாகச் சொன்னாள்.

முதல் நாளே ஹோட்டலில் இரினாவின் கையைப் பிடித்துக் கெஞ்சியவள் கனகாம்பிகைதான். "ஆர் எதைச் சொன்னாலும் இவருக்கு நல்லதாச் சொல்லு பிள்ளை. மொஸ்கோவில செங்கொடியை இறக்கினதிலயிருந்து இந்த மனிசன் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை."

"ஓம் தம்பி, நானும் பாத்தனான்," என்றாள்.

"அண்ணை அக்காவையும் பொய் சொல்லப் பழக்கிப்போட்டார்," என்று முணுமுணுத்தபடி கிறிஸ்துராஜா கார்ச் சாவியை எடுத்தான்.

அவன் போனதும் யோகலிங்கம் தேநீர்க் கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுவந்தார்.

"இரினா நல்ல பிள்ளை. பொய் சொல்லத்தான் தெரியேல்லை. முகமெல்லாம் சிவந்துபோச்சு."

கனகாம்பிகை அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு ரஷ்ய மொழி தெரியுமே?"

"ஒரு சொல்லும் தெரியாது. சம்பளம் கிடையாதவன் ஆலை வாசலில நிண்டு கத்திறதை விளங்கிறதுக்கு மொழி வேணுமே? முப்பது வருசம் நானும் அப்பிடித்தானே கத்தினனான்."

"பிறகேன் பல்லைக் காட்டிக்கொண்டு அவனுக்குக் கை குடுத்தனீங்கள்?"

"உன்னைத் திரும்பிப் பாத்தன். கண்ணை மூடிக்கொண்டு, 'பிள்ளையாரே, இவருக்கு விளங்கக்கூடாது' எண்டு முணுமுணுத்தாய்."

குழாயைத் திறந்து முதல் கோப்பையைக் கழுவத் தொடங்கினார்.

"இருபத்தைஞ்சு வருசமா உன்ர பிள்ளையாரை இல்லையெண்டு பேசினவன் நான். அண்டைக்கு அந்தப் பிள்ளையாரின்ர மானத்தை நான்தான் காப்பாத்த வேண்டியதாப் போச்சு."