கறுப்பு மருதாணி

"இந்த வீட்டுல யாருக்குக் கல்யாணம்?"

கேட்டவன் கையில் பட்டாக்கத்தி இருந்தது. கேட்டது என்னை.

மாநிலக் கவர்னரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நாள், மதியத் தொழுகை முடிந்த நேரம். ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு முந்தின நாளே ஆளுங்கட்சி ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தத் தெரு ஓட்டெல்லாம் எதிர்க்கட்சிக்குத்தான் விழும், அதனால் ஒருவரும் போடக் கூடாது. மீறிப் போட்டால் மை வைத்த விரல் இருக்காது.

இப்போது மோட்டார் சைக்கிள்களில் வந்து வீடு வீடாக விரல் பார்க்கிறார்கள். வாக்குச்சாவடி மை எலுமிச்சைக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுலேயின் அலறல் சற்று முன்தான் நின்றது.

அம்மாவும் நானும் பாயில் உட்கார்ந்திருந்தோம். இருவர் விரல் நுனிகளும் கறுப்பு. கல்யாண வீட்டுப் பெண்கள் பூசிக்கொள்ளும் கறுப்பு மருதாணி. அம்மா அவசரமாகக் குழைத்துப் பூசியது.

அந்தக் கறுப்புக்கு அடியில், ஒரு கட்டைவிரல் நகத்தில் வாக்குச்சாவடி மை இருந்தது.

"காது கேக்கலையா? யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கு."

கிணற்றடியில்கூட யாரிடமும் வாய் திறக்காதவள் நான். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று தெரியவில்லை.

"கல்யாணப் பொண்ணு மூஞ்சியப் பாருங்கடா! மாப்பிள்ளை என்ன, பல்லு போன கிழவனா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் கத்தியின் பட்டையால் அம்மாவின் கையைத் தூக்கினான். கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பினான். முகர்ந்து பார்த்தான்.

"அதெல்லாம் சரி. கல்யாண வீடுன்னா கோலாக் கொட்டை எங்க? வர்றவனுக்கு வாயில போட ஒரு கொட்டை குடுக்காத கல்யாணமா?"

அம்மா அதை மறந்துவிட்டாள்.

"ஏய் லாவல், உள்ள வா. நீ இந்தத் தெருக்காரன்தானே? இவ சொல்றது நெசமா?"

லாவல் உள்ளே வந்தான். அப்பாவின் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். இன்று இவர்களுக்கு வீடு காட்ட வந்திருக்கிறான். போன மாதம் அப்பாவைச் சுமந்துபோன தோள்களில் ஒன்று அவனுடையது.

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்களுக்கு அவள் ஒரு கல்யாணப் பெண்ணின் தாய். லாவலுக்குத் தெரியும், அவள் கணவனுக்குத் துக்கம் காப்பவள். பெற்ற மகளுக்கே கல்யாணம் என்றாலும் துக்கம் முடியும்வரை அந்த விரல்களில் மருதாணி ஏறாது.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

லாவல் அம்மாவின் கறுத்த விரல்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் நெற்றி சுருங்கியது.

துக்கம் காப்பவள் மருதாணி மட்டுமா தொடமாட்டாள், வாசலையும் தாண்டமாட்டாள். அப்பாவை எடுத்த நாளிலிருந்து அம்மா இந்த வீட்டை விட்டு வெளியே காலே வைத்ததில்லை. அவள் விரலில் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

அவன் பார்வை மெல்ல என் கைக்கு வந்தது.

விடியற்காலையில், படிப்பை நிறுத்திய அதே பள்ளிக்கூடத்தில், வரிசையின் முதல் ஆளாக நின்றவள் நான். என் முதல் ஓட்டு. அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது அவள் அடுப்படியில் மருதாணி குழைத்துக்கொண்டிருந்தாள். என் விரல்கள் மட்டும் கறுத்திருந்தால் கல்யாண வீடு என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று, தன் விரல்களையும் அதில் தோய்த்துக்கொண்டாள்.

"என்னடா முழிக்கிற? நெசமா, பொய்யா?"

என் கட்டைவிரல் தானாக மடங்கி உள்ளங்கைக்குள் போய்விட்டது. லாவல் அதையும் பார்த்தான்.

சட்டைப் பையில் கை விட்டான். பாதி கடித்த ஒரு கோலாக் கொட்டையும் இரண்டு முழுக் கொட்டைகளும் வந்தன. கடித்ததை வாயில் போட்டுக்கொண்டான். முழுக் கொட்டைகளைக் குனிந்து, மாப்பிள்ளை வீட்டார் வைப்பதுபோல, இரு கைகளாலும் பாயில் என் முன்னால் வைத்தான்.

"அட, நீதானாடா மாப்பிள்ளை!" கத்தி வைத்திருந்தவன் சிரித்துக்கொண்டே கத்தியைத் தாழ்த்தினான்.

லாவல் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனான்.