மீன் தொட்டிக்கு எதிரே

“அம்மா கீழே இருக்கிற சாமி ரூமுக்குப் போயிட்டு வந்தா முகம் அப்படியே பளபளன்னு இருக்கும்பா. நீங்களும் அப்படித்தான் வரணும். சும்மா எட்டிப் பார்த்துட்டு ஓடி வந்துடக் கூடாது” என்றான் மகன்.

கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாமி விஷயம் மட்டும் அவர் கைக்கு வராத வேலை. வீட்டில் அது மனைவியின் இலாகா.

மனைவிக்கு இன்று சளி. புற்றுநோய்க் குழந்தைகளின் வார்டில் தும்மல் போட்டவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோயைக் கொல்லும் மருந்து, உடம்பின் காவல்காரர்களையும் சேர்த்தே சாய்த்துவிடுகிறது. அந்த நேரத்தில் சாதாரணச் சளிகூட உள்ளே புகுந்து ஆட்டம் போடும். அதனால் பட்டறையை மூடிவிட்டு அவர் வந்திருந்தார்.

“எனக்குக் கும்பிடவெல்லாம் வராதுடா. உன்கூடவே இருக்கேனே.”

“நீங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க? மெஷின்தான் பார்த்துக்குதே.”

தலைமாட்டில் நின்ற அந்தக் குட்டி மெஷினை அவருக்கு முதல் நாளே பிடித்துப்போயிருந்தது. உள்ளே விரல்கள் மாதிரி சின்னச் சின்னத் தகடுகள். ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயை அமுக்கி மருந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்தால் போதும், அப்படியே நின்றுகொண்டு ஆளைக் கூப்பிட்டுக் கத்தும்.

“நம்ம மோட்டாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது” என்று அவனுக்கு அன்றே விளக்கியிருந்தார். “உள்ளே காத்து அடைச்சிக்கிச்சுன்னா வெளியே இருந்து பார்க்க நல்லா ஓடுற மாதிரியே இருக்கும். தண்ணி மட்டும் ஏறாது. திருகைத் தளர்த்திக் காத்தை வெளியே விட்டாத்தான் ஏறும்.”

மகன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான். “அப்பா, ஸ்கேனுக்குப் போற வழியில ஒரு மீன் தொட்டி இருக்கு. அதுல ஆரஞ்சு மீன் ஒண்ணு தனியா, கண்ணாடியில வாயை வச்சிக்கிட்டே நிக்குது. வண்டி தள்ளுற அண்ணன் எனக்காக அங்கே ஒரு பிரேக் போடுவார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“மீனைப் பார்த்ததுல என்னடா ரகசியம்?”

“சும்மாதான்.”

மெக்கானிக் அந்தத் தொட்டியைப் பார்த்ததில்லை. ஸ்கேனுக்குப் பையனை மட்டும்தான் தள்ளிக்கொண்டு போவார்கள். பெற்றவர்கள் மேலேயே காத்திருக்க வேண்டும்.

“சரி, கிளம்புங்க. அம்மா ஒரு நாள்கூட விட்டதில்ல. மறந்தாக்கூட நான் விரட்டி விட்டுடுவேன்.”

அவர் எழுந்தார். பிள்ளையை நிமிர்த்தி வைத்திருப்பதே இந்த நம்பிக்கைதான். தன்னால் அதில் ஒரு கீறல் விழக் கூடாது. ஆனால் லிப்டில் இறங்கும்போது நினைத்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேருக்கும் மனதைக் கொட்டச் சாமி இருக்கிறார். தனக்குத்தான் யாருமில்லை.

தரைத்தளத்தில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தார். பிரார்த்தனை அறை, மீன் தொட்டிக்கு நேர் எதிரே இருந்தது. கதவில் பெரிய பூட்டு. பூட்டின்மேல் தூசி.

“மேல பைப் உடைஞ்சு கூரையெல்லாம் ஊறிப்போச்சு சார். மூடி ரொம்ப நாளாச்சு” என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்.

“தினமும் ஒரு அம்மா வருவாங்களே?”

“கண்ணாடி போட்ட அக்காவா? ஆரம்பத்துல பூட்டைத் தொட்டுக் கும்பிட்டாங்க. அப்புறம் அதுவும் இல்ல. அந்த மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்து அழுவாங்க. குழாயில முகத்தைக் கழுவிக்கிட்டுப் போயிடுவாங்க. சத்தமே வராது, பாவம்.”

மாடிப்படிக்கு அடியில், ஆள் சாய்ந்து சாய்ந்து சுவரில் ஓர் இடம் மட்டும் மழமழவென்றிருந்தது. அவர் அங்கே உட்கார்ந்து, மனைவி சாய்ந்த இடத்தில் முதுகைச் சாய்த்தார். வைத்தியம் ஆரம்பித்த நாளிலிருந்து வராத கண்ணீர் அப்போது மொத்தமாக வந்தது. அந்தப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனாள்.

பிறகு அவரும் அதே குழாயில் முகம் கழுவினார். சொல்லப்போகும் பொய்யை லிப்டுக்குள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“நல்லாக் கும்பிட்டேன்டா” என்றார், கட்டிலருகே வந்து.

மகன் அந்த ஈர முகத்தை உற்றுப் பார்த்தான். “ம்… காத்து வெளியே போயிடுச்சு.”

“என்ன காத்து? நிஜமாவே உள்ளே போய், சாமி முன்னாடி நின்னு…”

“அப்பா” என்று இடைமறித்தான். “மீன் தொட்டிகிட்ட வண்டி நிக்கிறப்ப எல்லாம் அந்தப் பூட்டையும்தான் பார்க்கிறேன்.”

மகன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டான்.

“என் முன்னாடி அழ மாட்டேங்கறீங்க, உங்க ரெண்டு பேரையும் நான் வேற எங்கேதான் அனுப்புறது?”