தண்ணீர் குடிக்கப் போனவள்

கூடத்துக்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் வராந்தாவில், தண்ணீர் கேனுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

நன்றாகவே கேட்டது.

டம்ளர் நிரம்பியதும் குழாயை மூடினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. சூடான காபி மாதிரி வாய் வாயாகக் குடித்தாள்.

எம்பிஏ இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கலாம். மதிப்பெண் வரிசைப்படி கூப்பிடுவார்கள். உள்ளே போய், திரையில் மிச்சமிருக்கும் ஊர்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

இந்தக் கடைசி விதியை வகுப்பில் வேறு யாரும் கவனித்தமாதிரி தெரியவில்லை.

அவளுக்கு மூன்றாம் இடம். முதல் இருவருக்கும் பாரிஸ் பைத்தியம். ஜெர்மனியில் மன்ஹைமுக்கு இருந்தது ஒரே இடம். அது அவளுக்குத்தான் என்பது சொந்த ஊரான விருதுநகர் வரை தெரியும்.

மன்ஹைமில் அத்தை இருக்கிறாள். அப்பாவின் அக்கா. அத்தைக்கு ஒரு மகன், நிகிலன்.

"அக்கா வீட்டுலயே தங்கிக்கிறட்டும். பிள்ளைக ரெண்டும் பழகுனாப்லயும் இருக்கும்."

அப்பா இதைச் சொன்னது ஒரு கல்யாணப் பந்தியில். பந்தியில் சொன்னால் பாதி நிச்சயம் முடிந்த மாதிரி. அக்கம்பக்கத்து இலைக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் ரசத்தை வாங்கிக்கொண்டு குனிந்து சாப்பிட்டாள். அம்மாவும் அப்பாவுக்கு மாமன் மகள். பத்தொன்பது வயதில் தன் அத்தை வீட்டுக்கே மருமகளாக வந்தவள்.

மறுவாரமே மன்ஹைமிலிருந்து படம் வந்தது. ஒழித்துவைத்த மாடி அறை. புது விரிப்பு. கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் நிகிலன், மொட்டைத் தலையிலிருந்து பட்டமளிப்பு வரை.

நிகிலன்மீது ஒரு குறையும் இல்லை.

அதுதான் வில்லங்கம். குறை இருந்தால் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஊருக்குப் போனாள். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தாள். "சரிப்பா" என்று வந்தது. இடம் கிடைக்கவில்லை என்று புளுகவும் வழியில்லை. மகள் மூன்றாவதாக வந்ததைத் தெருவெல்லாம் லட்டு கொடுத்துச் சொல்லியிருந்தார் அவர்.

நன்றாகப் படித்தது தப்பாகப் போயிற்று.

மறுபடியும் அவள் பெயர். இந்த முறை சாருடைய குரல் உயர்ந்திருந்தது.

உண்மையாகவே தொண்டை வறண்டது. இன்னொரு டம்ளர் பிடித்தாள்.

மூன்றாம் முறை.

கால் தானாக ஓர் அடி எடுத்துவைத்தது. பெயரைச் சொன்னால் எழுந்து நின்றே பழகிய கால். அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கையில் தண்ணீர் தளும்பியது.

உள்ளே வேறு பெயர் கேட்டது. நான்காம் இடத்து ஜெசிந்தா.

ஜெசிந்தா போய், மன்ஹைமை விட்டுவிட்டு லண்டன் என்று சொல்லிவைத்தால்?

சுவரோடு ஒட்டி நின்றாள். தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு துள்ளி வந்த ஜெசிந்தா, அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"மன்ஹைம் நான் எடுத்துட்டேன்டி. உன்னக் காணோம்னாங்க, அதான்... கோச்சுக்காத."

ஜெசிந்தாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்போல் இருந்தது.

"பரவால்ல, விடு" என்றாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சோகமாக.

எல்லோரும் போனபிறகு அவளைக் கூப்பிட்டார்கள். திரையில் ஓர் ஊர்தான் மிச்சம். தார்த்து, எஸ்தோனியா. சார் அதை எழுத்துக்கூட்டித்தான் படித்தார். முழுப் பரீட்சையும் எழுதிவிட்டு நம்பரைப் போட மறந்தவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"சரி சார்" என்றாள்.

இந்த "சரி" வேறு மாதிரி வந்தது. அவளுக்கே கேட்டது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். நிம்மதியாக இருந்தது. வெட்கப்படும் அளவுக்கு நிம்மதி. ஏதாவது சாப்பிடலாம் என்று தோன்றியது. பல நாளாகத் தோன்றாதது.

பிறகு அப்பா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் பேசினாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"தண்ணி குடிக்கப் போயிருந்தேன்ப்பா. அந்த நேரம் பாத்துக் கூப்ட்டுட்டாங்க. வேற ஊர்தான் கெடச்சுது."

"ஒரு வாய்த் தண்ணிக்கா?" என்றார் அப்பா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அக்காவிடம் என்ன சொல்வது என்று யாரிடமோ கேட்பதுபோல் சொல்லிக்கொண்டே நகர்ந்துபோனார். அவளுக்குக் கண் கரித்தது.

போன் கைமாறியது. ஸ்பீக்கர் அணைந்தது. டிவி சத்தம் தள்ளிப்போக, கொல்லைக் கதவின் கீல் முனகியது.

அம்மா. மிகத் தணிந்த குரல்.

"அந்த ஊர்ல நம்மாளுக யாரும் இருக்காகளாத்தா?"

"யாருமில்லம்மா."

"நல்லா விசாரிச்சியா?"

"விசாரிச்சுட்டேன். ஒருத்தரும் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு நீளமான மூச்சு கேட்டது.

பிறகு அம்மா, வீடு முழுக்கக் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னாள்.

"பாவம், தொண்ட காஞ்சா பிள்ள என்னதான் செய்யும்!"