கீறல் போன சக்கரம்

ஒரு காரோட முன் சக்கரம் ரெண்டு வருஷமா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டே ஓடிச்சு. பிளாட்பாரத்துல உரசினதுல அதோட அலாய் விளிம்புல நீளமா ஒரு கீறல். அன்னிக்கு "சரி, திருஷ்டி கழிஞ்சுது"ன்னு சொன்ன ஓனர், அதுக்கப்புறம் அந்தப் பக்கம் குனிஞ்சுகூடப் பாக்கலை.

இன்னிக்குத் திடீர்னு ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பட்டி வச்சு, சில்வர் கலர் அடிச்சாங்க. சக்கரம் பளபளன்னு ஆயிடுச்சு.

உடனே டிக்கியில கெடக்குற ஸ்டெப்னியைக் கூப்பிட்டுச்சு. "அண்ணே, பாத்தியா? ஓனருக்கு என் மேல பாசமே இல்லேன்னியே!"

"இருட்டுல கெடக்கேன், நான் எங்கடா பாக்குறது?"ன்னுச்சு ஸ்டெப்னி. "ஆமா, இங்க இருந்த குடை, தண்ணி கேன், பாப்பாவோட பந்து எல்லாத்தையும் காலையில எடுத்துட்டாங்களே, எதுக்குடா?"

"நீ காலை நீட்டிப் படுக்கத்தான். பொறாமைண்ணே உனக்கு."

ஸ்டெப்னி மெதுவா கேட்டுச்சு. "தம்பி, டேஷ்போர்டுல பிள்ளையார் இருக்காரா?"

"இல்லண்ணே. இப்பதான் ஓனர் அவரைப் பேத்தெடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டு இறங்கினாரு. கூட யாரோ புது ஆள். என்னைக் குனிஞ்சு பாத்துட்டு, 'புதுசு மாதிரி இருக்கே'ன்னு சொல்றாரு!"

வெளியே சாவி கைமாறுற சத்தம் கேட்டுச்சு.

"பிள்ளையாருக்கும் கலர் அடிக்கத்தானே எடுத்துட்டுப் போறாரு, இல்லண்ணே?"

"ஆமாடா"ன்னுச்சு ஸ்டெப்னி.