சற்குணத்தின் அறைக்கு இரண்டு தொட்டி

"இது குசினிக்குச் சரிவராது நானா. புகை பட்டால் ரெண்டு நாளில கருகிப்போம். வேற காட்டுங்கோ."

கனகாம்பிகை ஃபெர்ன் தொட்டியை ஹனிபாவின் தள்ளுவண்டிக்கே திருப்பித் தள்ளினாள். மலாயாவின் ரெம்பியாவில் இருபது வருஷமாகச் செடி விற்கிற ஹனிபா, வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் விலையே சொல்வான். இன்று இந்த முகத்தில் கல்யாண வீட்டுக் களை இருந்தது.

"என்னம்மா, எட்டு மாசமா வாசல்கூட கூட்டாம கெடந்த வீடு. இன்னிக்கு ரூமுக்கு ரூம் செடி கேக்கறீங்க?"

"சற்குணத்தை விடப்போகினம் நானா!"

சற்குணம் அவளுடைய ஒரே பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிள் கூடையில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு கம்யூனிஸ்ட் துண்டுக் காகிதத்துக்காக அவசரகாலச் சட்டத்தில் தடுப்பு முகாமுக்குள் போனவன். வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. அந்தச் சட்டத்துக்கு அதெல்லாம் வீண் செலவு.

"யாரும்மா சொன்னா?"

"காலமை ஸ்டேசனில இருந்து ஆள் வந்தது. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வாறாராம், எங்கயும் போகாமல் நிக்கட்டாம். விடமுன்னம் வீடு வாசல் வந்து பார்ப்பினம் எண்டு பக்கத்து வீட்டுச் செசிலியா சொன்னவ. அவவின்ர தம்பிக்கும் அப்பிடித்தானாம். மரியாதையான குடும்பம் எண்டு அந்த மனுசன் ஒரு வரி எழுதினால் போதும், பிள்ளை வந்திடுவான்."

"அப்படிச் சொல்லுங்க! மரியாதைக்கு நம்மகிட்ட தனி ரகமே இருக்குலா."

ஹனிபா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஜன்னல்களைத் திறந்து, ஒவ்வொரு அறையிலும் வெளிச்சத்தை அளந்தான்.

"ஹாலுக்கு இந்த ஃபெர்ன்தான் சரி. வெயில் ஆகாது. தெனம் இலையில தண்ணி தெளிக்கணும். மாமியார் மாதிரி, ஒரு நாள் கவனிக்காட்டி மூஞ்சி சுருங்கிடும்."

"சாப்பாட்டு மேசைக்கு?"

"மணி பிளாண்ட். போத்தல் தண்ணியில கெடந்தே வளரும். கவர்மெண்டு உத்தியோகம் மாதிரி, வேலை இருந்தாலும் இல்லாட்டியும் வளரும்."

"என்ர மனுசன் போஸ்ட் ஆபீஸ் கிராணியா இருந்து செத்தவர். மறந்துபோனியளோ?"

"அவரு இருந்தப்ப தபாலாச்சும் ஒழுங்கா வந்துச்சும்மா."

எட்டு மாதத்தில் முதல் முறையாக அவள் சிரித்தாள். குசினி ஜன்னலுக்குக் கற்பூரவள்ளி ஆயிற்று. கடைசியில் சற்குணத்தின் அறை. கிழக்குப் பார்த்த ஜன்னல். கட்டிலில் புதிதாக வெளுத்த வெள்ளை விரிப்பு, சுருக்கமே இல்லாமல்.

"இஞ்ச வெயில் நல்லா விழும். வண்டியில சாக்கால மூடி வைச்சிருக்கிறியளே, அந்த ரெண்டு குரோட்டனையும் கொண்டுவாங்கோ."

ஹனிபா தயங்கினான். "அது வேணாம்மா."

"ஏன்? யாழ்ப்பாணத்தில குரோட்டன் நிக்காத வீடு இல்லை. சின்னனில இவன் அந்த இலையைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள்ள வைப்பான்."

"இல்ல... மலாய்க்காரங்க கேட்டு வாங்கற செடி. அவங்க புடிங்னு சொல்வாங்க."

"அப்ப இன்னும் நல்லது! வாற இன்ஸ்பெக்டரும் மலாய்க்காரர்தானே. கண்டால் மனம் குளிரும்."

ஹனிபா போய்த் தொட்டிகளைக் கொண்டுவந்தான். வேண்டாம் என்று வியாபாரி இரண்டாம் முறை சொன்னால், விலையை ஏற்றப் பார்க்கிறான் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். அதோடு, பிள்ளை வரப்போகிற வீட்டில் நின்றுகொண்டு வேறு எதைச் சொல்வது?

"சரி, ரெண்டும் சும்மாவே வச்சுக்கங்க. தம்பி வர்றதுக்கு நம்ம அன்பளிப்பு."

கனகாம்பிகை தன் கையாலேயே தொட்டிகளைத் தூக்கினாள். ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். மற்றதைக் கால்மாட்டில். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

"சோடியா வடிவா இருக்கல்லோ?"

"அம்மா, ஒன்ன மட்டும் ஜன்னல்கிட்டத் தள்ளி..."

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வாயெடுக்கப் போனவரைக் கனகாம்பிகை விடவில்லை. தனக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில், "மரி துவான், மரி", வாங்கோ ஐயா வாங்கோ என்று வீடு முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தாள். ஃபெர்னைக் காட்டினாள். போத்தலைக் காட்டினாள். குசினி ஜன்னலைக் காட்டினாள். கடைசியாக மகனின் அறைக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கட்டிலைப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கனகாம்பிகை ஹனிபாவின் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினாள். "பார்த்தியளோ, பிடிச்சுப்போச்சு!"

இன்ஸ்பெக்டர் ஹனிபாவிடம் தாழ்ந்த குரலில், அவளுக்குப் பிடிபடாத வேகத்தில், மலாயில் ஏதோ சொன்னார்.

"என்னவாம் நானா? பிள்ளை எப்ப வாறானாம்? சொல்லுங்கோவன்!"

எந்தச் சரக்கையும் பேசியே விற்றுவிடுகிற ஹனிபா, குனிந்து கால்மாட்டுத் தொட்டியைக் கையில் எடுத்தான்.

இன்ஸ்பெக்டர் சொன்னது இதுதான்: "முகாமில் பையன் நேற்றுக் காய்ச்சலில் போய்விட்டான். இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தவித்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, தாய்க்கு முன்பே தெரிந்திருக்கிறது. நம் ஆட்கள் இறந்தவரைப் புதைத்த கபுரில் வைப்பதுபோல், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் புடிங் செடி வைத்துவிட்டாரே."