ஏழாவது கம்பி

பழைய பாய்மரப் படகின் மேல்தளத்தில் அவர் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்திருந்தார். கீழே அறைக்குள் மனைவி ஸ்பானரோடு நின்றாள்.

"நீங்க போல்ட்டை அசையாம பிடிங்க. நான் நட்டை இறுக்குறேன்."

"உத்தரவு, மகாராணி! ஓரத் தடுப்புக் கம்பி அத்தனையையும் மூணு தடவை இறுக்கியாச்சு. நாளைக்கு விக்கப்போற படகுக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"வாங்குறவங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு. எட்டு வயசாம்."

அவருடைய சிரிப்பு நின்றது.

"இன்னும் ஒண்ணுதாங்க."

ஏழாவது கம்பி மட்டும் புதிது. அங்கே முன்பு இருந்ததை, 'அடுத்த வாரம் இறுக்கிக்கலாம்' என்று அவர்தான் விட்டுவைத்தார். அது, சாய்ந்து நின்ற மகளோடு கடலுக்குள் போய்விட்டது.

"பிடிச்சிருக்கீங்களா?" என்றாள் கீழிருந்து.

அவர் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.